மகன் சபைக்கு வருவதில்லை என்று எழுதிய தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீடு, மருத்துவமனையில் தாதி வேலை, மாதத்தில் பத்து நாளாவது இரவு ஷிப்ட். வீட்டுக்காரர் எதற்கும் தடை சொல்வதில்லை, ஆனால் சபைக்குக் கூட வருவதும் இல்லை. 16 வயது மகன் ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை எழுந்திருப்பதே இல்லை. 12 வயது மகளுக்கு இந்த வருஷம் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. தமிழ் வேதாகமத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டிப் படித்து இரண்டாவது வசனத்திலேயே மூடிவிடுகிறாள். ஊரில் உங்கள் அம்மா விடியற்காலையில் நாலு பிள்ளைகளையும் எழுப்பி, பாய் சுருட்டி, உட்காரவைத்து ஜெபம் பண்ணியதை நினைத்துக்கொண்டு, "எனக்குப் பிறகு இந்த வீட்டில் யார் ஜெபிப்பார்கள்? நான் தோற்றுவிட்டேனா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை, தோற்கவில்லை. உங்களை ஆறுதல்படுத்தத்தான் இப்படிச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 30 வருஷத்துக்கு மேல் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். நான் பார்த்ததையும் வேதத்தில் வாசித்ததையும் வைத்தே சொல்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

அன்னாளிலிருந்து தொடங்குகிறேன். அன்னையர் ஞாயிறு வந்தால் எல்லாச் சபையிலும் அன்னாள்தான். அழுதாள், பொருத்தனை பண்ணினாள், சாமுவேல் பிறந்தான், பால் மறந்ததும் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டாள். பிரசங்கம் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வரும் ஒரு வசனம். 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரம், 19-ஆம் வசனம். வருஷாந்தரப் பலிக்குப் போகும்போதெல்லாம் மகனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போவாள்.

யோசித்துப் பாருங்கள். பிள்ளை கண்முன் இல்லை. போன வருஷம் பார்த்த அளவு மட்டும்தான் தெரியும். இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருப்பான், கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று மனசாலேயே அளந்துதான் தைக்கவேண்டும். அவன் வளர்ந்த இடமும் நல்ல இடமில்லை. அங்கே ஆசாரியனாக இருந்த ஏலியின் மகன்கள் பலி செலுத்த வருகிறவர்களிடம் பச்சை இறைச்சியைப் பலவந்தமாகப் பிடுங்கினவர்கள். வருஷந்தோறும் பலி செலுத்தப் போன குடும்பத்துக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அந்த வீட்டை அவளால் திருத்த முடியாது. மகனோடு போய் இருக்கவும் முடியாது. சட்டை தைக்க முடியும். தைத்தாள்.

இனிமேல் வருவதுதான் பிரசங்கங்களில் அதிகம் வராத பகுதி. சாமுவேல் பெரிய தீர்க்கதரிசி ஆனார். ஆனால் அவருடைய மகன்கள்? யோவேல், அபியா என்று இரண்டு பேர், பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்தார்கள். லஞ்சம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள் என்று 8-ஆம் அதிகாரம் பச்சையாகச் சொல்கிறது. அன்னாளின் சொந்தப் பேரன்கள், தங்கச்சி! அவர்களைக் காரணம் காட்டித்தான் இஸ்ரவேலின் மூப்பர்கள் எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கேட்டார்கள். கதை அங்கே நின்றிருந்தால், இத்தனை கண்ணீரும் இரண்டே தலைமுறையில் வீணாகிவிட்டதே என்றுதான் யாரும் சொல்வார்கள்.

1 நாளாகமம் 6-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பெயர்ப் பட்டியல் என்று நாம் எல்லோரும் தாண்டிப் போகிற அதிகாரம். தாவீது கர்த்தருடைய வீட்டில் சங்கீத சேவைக்கு ஏற்படுத்தியவர்களின் வரிசை அதில் இருக்கிறது. 33-ஆம் வசனத்தில் முதல் பெயர் பாடகனாகிய ஏமான். யாருடைய மகன்? யோவேலின் மகன். அந்த யோவேல் சாமுவேலின் மகன். அதாவது லஞ்சம் வாங்கியவனின் பிள்ளை தேவனுடைய வீட்டில் பாடுகிறவர்களுக்குத் தலைவனாக நிற்கிறான். 25-ஆம் அதிகாரத்தில் அவனுக்கு 14 குமாரரும் 3 குமாரத்திகளும் இருந்ததாகவும், அந்த வீடே கைத்தாளமும் சுரமண்டலமுமாகப் பாட்டு வீடாக இருந்ததாகவும் வருகிறது. சாமுவேலை ஆலயத்தில் விட்ட அன்று அன்னாள் பாடினாள் அல்லவா, அந்தப் பாட்டு நாலாம் தலைமுறையில் திரும்ப எழும்பியது. ஏமான் பாடியதை அவள் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

இதை முதல் தடவை கவனித்த அன்று நான் வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: 16 வயது மகனை வைத்து உங்கள் குடும்பத்தின் கணக்கை முடித்துவிடாதீர்கள். இந்தக் கதையில் எந்த அதிகாரத்தில் நிற்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

"பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற வசனத்தை யாரோ உங்களிடம் சொன்னதாகவும், அது மனசில் குத்தியதாகவும் எழுதியிருந்தீர்கள். குத்தும்படி சொன்னது அவர்கள் தப்பு. அது நீதிமொழிகளில் இருக்கிற வசனம். வாழ்க்கை பொதுவாக எப்படிப் போகும் என்று ஞானமுள்ளவர் சொல்கிற பேச்சு அது. தாயின் கையில் கையெழுத்து வாங்கிக்கொண்ட ஒப்பந்தம் இல்லை. அப்படி இருந்திருந்தால் சாமுவேலின் வீட்டில் அது நடந்திருக்க வேண்டுமே. நல்ல தாய்மாரை அடிக்க அந்த வசனத்தைப் பிரம்பாக எடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

சரி, மகன் விஷயம். கத்தோலிக்க சிநேகிதிகள் உங்களுக்கு இருந்தால் புனித மோனிக்காவைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற ஊர்க்காரி. மகன் அகுஸ்தின் 354-ல் பிறந்தவர், படிப்பில் கெட்டிக்காரர், தாயின் விசுவாசத்தை விட்டு ஒளி, இருள் என்று இரண்டு ஆதி சக்திகளை நம்பிய மானிக்கேயர் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். அந்தக் கூட்டத்திலிருந்து தெளிந்து வந்த ஆயர் ஒருவரிடம் போய், என் மகனிடம் நீங்கள் பேசித் திருத்துங்கள் என்று மோனிக்கா கெஞ்சினார். ஆயர் மறுத்துவிட்டார். இப்போது பேசினால் ஏறாது, அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணு, வாசித்து வாசித்து அவனே கண்டுபிடிப்பான் என்றார். அந்த அம்மா விடாமல் அழவே, இத்தனை கண்ணீருக்குரிய பிள்ளை கெட்டுப்போக முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகும் எல்லாம் நேராகிவிடவில்லை. மகன் தாயிடம் பொய் சொல்லிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ரோமுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அந்த நேரத்தில் தாய் பக்கத்துக் கோயிலில் அவருக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தார். மகன் ஞானஸ்நானம் பெற்றது 387-ல், 32 வயதில். அதே வருஷம் ஊர் திரும்பும் வழியில் மோனிக்கா இறந்துபோனார். பிறகு அகுஸ்தின் தன் வாழ்க்கையை எழுதியபோதுதான் இதெல்லாம் உலகத்துக்குத் தெரிந்தது. மகன் ஏமாற்றிவிட்டுப் போன அந்த ராத்திரியையும் மறைக்காமல் மகனே எழுதிவைத்திருக்கிறார்.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்வது: ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையைப் பிடித்து இழுப்பதை நிறுத்துங்கள். "நீ வராவிட்டால் அம்மா மனசு உடைந்துபோகும்" என்று சொல்லாதீர்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளை உங்களுக்காகத்தான் வருவான். போகும்போது "ஒன்பதரைக்குக் கிளம்புகிறேன், வருவதானால் வா" என்று ஒரு தடவை சொல்லுங்கள். வராவிட்டால் மேசைமேல் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வராதீர்கள். அவன் ஏதாவது கேள்வி கேட்டால், கடவுள் நல்லவர் என்றால் ஏன் இப்படி என்கிற மாதிரி கேள்வியாக இருந்தாலும், அதை அடங்காமை என்று எண்ணாமல் உட்கார்ந்து கேளுங்கள். இரவு ஷிப்டில் நோயாளிகள் பக்கத்தில் நிற்கிற உங்களுக்கே அந்தக் கேள்வி வந்திருக்கும். அதை அவனிடம் சொல்லலாம்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். 15 வயதில் வருவதை நிறுத்திவிட்டான். நான் அவனுடைய பிறந்தநாளுக்கு மட்டும் ஒரு வாழ்த்தும், "உனக்காக இன்று ஜெபித்தேன்" என்ற ஒரு வரியும் அனுப்புவேன். எட்டு வருஷம் பதிலே இல்லை. என் கணவர் இறந்தபோது உடலை எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வைத்திருந்தோம். இரவு பதினோரு மணிக்கு அவன் வந்தான். நாற்காலிகளையெல்லாம் அடுக்கி முடிக்கும்வரை கூடவே நின்றான். "ஆன்ட்டி, ஏன் வரலைன்னு நீங்க ஒருநாளும் கேட்கலை" என்றான். இன்றைக்கும் அவன் சபைக்கு வருவதில்லை. ஆனால் போன மாதம் அவனுடைய குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஜெபிக்கச் சொல்லி எனக்குத்தான் செய்தி அனுப்பினான். நான் ஜெபிக்கிறேன். அவ்வளவுதான் என் வேலை.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரர். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பவுல் தன் கடைசி நிருபத்தில் பெயர் சொல்லி எழுதுகிறார். நாமும் சட்டத்தில் மாட்டிவைக்கும் அளவுக்கு அவர்களை மெச்சுகிறோம். அந்த வீடு எப்படிப்பட்டது என்று அப்போஸ்தலர் 16-இல் பாருங்கள். தாய் யூத ஸ்திரீ, விசுவாசி. தகப்பன் கிரேக்கன். மகன் வளர்ந்து ஆளாகும்வரை விருத்தசேதனம்கூட ஆகவில்லை. ஒரு யூதத் தாய்க்கு அதைவிட முக்கியமான சடங்கு உண்டா? அதுகூட அந்த வீட்டில் நடக்கவில்லை. அவளால் நடத்தமுடிந்தது ஒன்றுதான், வேத எழுத்துக்களைச் சிறு வயதிலிருந்தே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாள். "மாயமற்ற விசுவாசம்" என்று பவுல் சொன்னது அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்ததைத்தான். உங்கள் வீட்டைப் பார்த்து, அப்பாவும் சேர்ந்து முழங்கால் படியிடும் வீடுகளோடு ஒப்பிட்டு நொந்துபோகவேண்டாம்.

மகளின் தமிழைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. தமிழ் வேறு, விசுவாசம் வேறு. நம் கையில் இருக்கிற வேதாகமம் 1871-ல் முடிந்த மொழிபெயர்ப்பு. "இஸ்ரவேல் புத்திரர்", "அவனுக்குப் பிரதியுத்தரமாக" என்கிற நடையைப் பாலர் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தில் படித்துவரும் பிள்ளை எப்படித் தாண்டும்? நமக்கு அது பாட்டி குரல். அவளுக்கு அது பரீட்சைத் தாள். 1995-ல் வந்த திருவிவிலியம் இன்னும் எளிமையான தமிழ், அதைக் கொடுத்துப் பாருங்கள். அல்லது நான் பேத்தியோடு செய்வதைச் செய்யுங்கள். ஒரு வசனம் அவள் ஆங்கிலத்தில் வாசிப்பாள், அதே வசனத்தை நான் தமிழில் வாசிப்பேன். பத்து வசனம், பத்து நிமிஷம். ஆறே மாதத்தில் "பாட்டி, உங்க வசனத்தில் வேற மாதிரி இருக்கே" என்று அவளே எட்டிப் பார்த்தாள். ஜெபத்தை மட்டும் தமிழிலேயே, சத்தமாகவே பண்ணுங்கள். அவள் ஆங்கிலத்தில் ஜெபிக்கட்டும்.

மோசேயின் தாய் யோகெபேத்துக்குக் கிடைத்ததும் கொஞ்ச காலம்தான். தன் பிள்ளையையே பார்வோனின் குமாரத்தியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வளர்த்தாள். எத்தனை வருஷம் என்று வேதம் சொல்லவில்லை. பிறகு அவன் வேறு வீட்டில், வேறு பாஷையில், வேறு படிப்பில் வளர்ந்தான். ஆனாலும் பெரியவனானபோது தன் ஜனம் யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சம்பளத்துக்கு வேலை செய்யும் தாய்க்கு நேரம் குறைவு, அதனால் ஒன்றும் நிற்காது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மாதான் ஞாபகம் வருகிறாள்.

பிஎஸ்எல்இயையும் ஜெபத்தையும் தயவுசெய்து முடிச்சுப் போடாதீர்கள். ஜெபம் பண்ணினால் மார்க் வரும் என்று சொல்லி வளர்த்தால், மார்க் வராத வருஷம் தேவனும் போய்விடுவார்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூக்கமில்லாமல் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்துவிட்டு, அப்புறம் குற்ற உணர்ச்சியில் கிடக்கிறேன் என்றீர்கள். எழுந்ததும் அவர்களிடம் போய் "அம்மா கத்தினது தப்பு, மன்னிச்சிடு" என்று சொல்லுங்கள். மன்னிப்பைப் பற்றி ஞாயிறு பள்ளியில் நாங்கள் பத்து வாரம் நடத்துவதை அது ஒரே நிமிஷத்தில் நடத்திவிடும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றவர், அதில் தப்பிப் பிழைத்தது 10. அவ்வளவு நெருக்கடியிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலை தனியாக ஒதுக்கிப் பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. ஜான் பெரியவராகி வெளியூரில் இருந்தபோதும் அந்த வியாழக்கிழமை நேரத்தைக் கடிதத்தில் நினைவுபடுத்தி எழுதினார். உங்கள் ரோஸ்டர் வந்ததும் மகனுக்கு ஒரு அரைமணி, மகளுக்கு ஒரு அரைமணி குறித்துவிடுங்கள். மகனோடு கோப்பிக்கடையில் உட்கார்ந்து ஒரு தே தாரிக் குடித்தால் போதும். வேதம் பேசியே ஆகவேண்டும் என்றில்லை.

இன்னொன்று. இதைத் தனியாகச் சுமக்கவேண்டியதில்லை. 1887-ல் சோபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண் சிங்கப்பூருக்கு வந்தார். அதே வருஷம் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது இந்தியச் சிறுமிகளை வைத்துப் பள்ளி ஆரம்பித்தார். அதற்குப் பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளி. பெண்பிள்ளைகளை வெளியே அனுப்பாத காலம் அது. இன்றைக்கு மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்று எல்லோருக்கும் தெரிவது அதுதான். அது இருக்கும் தெருவுக்கே பிளாக்மோர் டிரைவ் என்று பெயர். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெற்ற பிள்ளை இல்லை. ஆதரவில்லாத சிறுமிகளுக்கு ஒரு இல்லம் நடத்தி, எத்தனையோ பேருக்குத் தாயாக இருந்து 1928-ல் இங்கிருந்து போனார். ரோமர் 16-இல் ரூப் என்பவனுடைய தாயை "எனக்கும் தாய்" என்று பவுல் எழுதுகிறாரே, அந்த மாதிரித் தாய்மார் ஒவ்வொரு சபையிலும் உண்டு. உங்கள் சபையிலும் ஒரு ஆன்ட்டி இருப்பார். உங்கள் இரவு ஷிப்ட் நாட்களில் மகளைப் போனில் அழைத்து ஐந்து நிமிஷம் அவளோடு ஜெபிக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். எங்களுக்கு அது பாரமில்லை.

இப்போது நான் ஏன் அழுதேன் என்று சொல்கிறேன்.

எங்கள் அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்பாவுக்கு இங்கே செம்பவாங் நேவல் பேஸில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், வேலை. ஊரில் பாட்டி அரிசி களையுமுன் ஒரு பிடி எடுத்துக் காணிக்கைப் பானையில் போடுவாராம். இங்கே அம்மா அதற்குப் பதிலாக மைலோ டின்னில் பத்துக் காசு போடுவார். உலை வைக்கும்போதெல்லாம் அந்த 'டங்' என்ற சத்தம் கேட்கும். எங்களிடம் காணிக்கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை.

அவர் போன பிறகு அவருடைய வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். 121-ஆம் சங்கீதப் பக்கத்தில் ஓரம் பழுப்பேறி, மஞ்சள் விரல் அடையாளம் ஒன்று பதிந்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் தேதிகள். 1971-ல் வெள்ளைக்காரன் பேஸைக் காலி பண்ணியபோது ஒரு தேதி போட்டு "இவருக்கு வேலை" என்று எழுதியிருக்கிறார். நாலு மாதம் கழித்துள்ள தேதியோடு ஒரு டிக். என் பரீட்சை, டிக். தங்கையின் ஆபரேஷன், டிக். அண்ணன் பெயர் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை, அதே எழுத்தில், கடைசியில் கை நடுங்கிய எழுத்தில், 22 தடவை வருகிறது. ஒன்றுக்கும் டிக் இல்லை. அண்ணன் தேசிய சேவைக்குப் போன வருஷம் சபையை விட்டவர், அம்மாவின் அடக்க ஆராதனைக்குத்தான் திரும்ப உள்ளே வந்தார்.

அந்தப் பக்கத்தை நான் அண்ணனுக்குக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணி, அந்த வேதாகமத்தை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இப்போது அது அவர் வீட்டில்தான் இருக்கிறது.

உங்கள் அம்மா இன்னும் ஊரில் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு என் அம்மாவின் குரல் ஒரு பதிவுகூட இல்லை. உங்களுக்கு இரவு வேலை இல்லாத சனிக்கிழமை எட்டு மணிக்கு அவர்களை வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள். அங்கே ஐந்தரை, வெயில் தணிந்து திண்ணையில் உட்காரும் நேரம். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பிடித்த சங்கீதத்தை வாசித்து, பேரப்பிள்ளைகள் பெயரைச் சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள். அதைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். மகன் அறைக் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.